ராணியை வெட்டத் தடை வேண்டாம்: சதுரங்கப் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்றுநர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வணக்கம்.

பினாங்கின் பிறை நகரில் நடந்த போட்டிக்குப் பிறகு நீங்கள் கொண்டுவந்த விதியைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதல் 20 நகர்த்தலுக்குள் ராணிக்கு ராணி வெட்டக் கூடாது, வெட்டினால் அடுத்த அணியில் இடமில்லை என்று சொல்லிவிட்டீர்கள். பிள்ளைகள் சமநிலை கிடைத்தால் போதுமென்று பயந்து, சீக்கிரமே இரு ராணிகளையும் மாற்றிக்கொண்டு ஆடுகிறார்கள் என்பது உங்கள் கவலை. கவலையில் நியாயம் இருக்கிறது, விதியில் இல்லை. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

போன சனிக்கிழமை பயிற்சியில் என் மகள் கறுப்பில் ஆடினாள். ஒரு குதிரை அவளுக்குக் கூடுதல். ஆனால் வெள்ளை ராணி அவள் ராஜாவை நெருங்கி வந்துவிட்டது. அந்த ராணியை வெட்டி மாற்ற வழி இருந்தது. மாற்றியிருந்தால் தாக்குதல் அதோடு முடிந்திருக்கும், கூடுதல் குதிரையை வைத்து நிதானமாக ஜெயித்திருப்பாள். குறிப்புத் தாளைப் பார்த்தாள். 17ஆவது நகர்த்தல். ராணியை ஒதுக்கி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மேட், தோற்றுவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். “வெட்டலாம்னு தெரியும்பா, சார் திட்டுவாரு” என்றாள். பலகையைப் பார்க்க வேண்டிய 11 வயதுப் பிள்ளை உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டு ஆடுகிறாள். இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

2000ஆம் ஆண்டு லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில், சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிராகக் கிராம்னிக் பெர்லின் தற்காப்பு என்ற தொடக்க முறையைக் கறுப்பில் ஆடியது உங்களுக்குத் தெரியாததல்ல. எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் போய்விடும், கறுப்பு ராஜா யானையோடு சேர்ந்து ஓரமாக ஒதுங்கிக் கோட்டை கட்டவும் முடியாது. அப்படியும் காஸ்பரோவால் அந்தப் போட்டியின் 15 ஆட்டங்களில் ஒன்றைக்கூட ஜெயிக்க முடியவில்லை. உலகப் பட்டமே கைமாறியது.

கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதும் ஆபத்துதான். 2024 டிசம்பரில், பக்கத்துச் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில், 14ஆவது ஆட்டத்தின் 55ஆவது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானைக்கு யானை மாற்ற முன்வந்தார். குகேஷ் வெட்டினார், உடனே மந்திரியையும் மாற்றியே ஆகவேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளினார். மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும், அதில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல்; ஆட்டமும் பட்டமும் அவருக்கே. இந்த ஆட்டத்தைப் பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது போட்டுக் காட்டினீர்களா? ராணி 9, யானை 5, மந்திரியும் குதிரையும் தலா 3, சிப்பாய் 1 என்று மனப்பாடம் செய்ய வைத்ததோடு சரி. அதனால்தான் கறுப்பு ராஜாவை ஒட்டிய எஃப்7 கட்டத்தில் மந்திரியையும் குதிரையையும் கொடுத்து, ஒரு யானையும் சிப்பாயும் வாங்கி, ஆறுக்கு ஆறு சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். ஆட்டத்தின் நடுவில் அந்த இரண்டு காய்களே பெரும்பாலும் வலுவானவை என்று யாரும் சொல்லித் தரவில்லை.

எதற்கும் விளக்கம் கிடையாது, உத்தரவு மட்டும்தான்.  

அடுத்த அணித் தேர்வுக்கு முன் இந்த விதியை நீக்குங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வெட்டியபின் யாருடைய ராஜாவுக்குப் பாதுகாப்பு, யாருடைய சிப்பாய் வரிசை உடைகிறது, மிஞ்சும் காய்களில் எது நல்லது என்று பார்க்க வாரம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வரும் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நானும் சில பெற்றோரும் நேரில் வருகிறோம். பேச நேரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
பட்டர்வொர்த், பினாங்கு