கண்டாங்கிச் சேலைத் தங்கச்சிக்கு

ராணுவ நர்சிங் சேவையில் 22 வருடம் இருந்தவள் நான். நவம்பர் வந்தால் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். காரைக்குடியில் ஓர் அலுவலகத்தில் என் கைரேகை பதியவே இல்லை. "உங்க வீட்டுக்காரர் எந்த ரெஜிமெண்ட்?" என்று வேறு கேட்டார்கள். (வருடா வருடம் கேட்கிற கேள்விதான். லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றது நான்தான் ஐயா!)

எனக்குப் பின்னால் நின்ற நீ, யாரும் கேட்காமலே வரிசையை விட்டு வந்தாய். முகத்தைக் காட்டியே சான்று எடுக்கலாம் என்று உன் போனில் செயலியை இறக்கினாய். "இங்க வெளிச்சத்துல நின்னு கண்ணைச் சிமிட்டுங்க ஆச்சி." மூன்றாவது தடவை பதிந்தது. அப்புறம் கவுண்டரைப் பார்த்து, "ஆச்சிதான் ஆபீசர்" என்று சொல்லிவிட்டுத் தேவகோட்டை பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

நன்றி தங்கச்சி. இது கண்ணில் பட்டால் ஒரு வரி எழுது.