இரண்டு ஆமைகள்

அன்புள்ள விசாலம்,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிவிட்டது. பதில் தாமதமானதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை. ஏதாவது சாக்கு சொன்னாலும் நீ நம்பப் போவதில்லை. பேரனுக்கு இதற்குள் பல் முளைத்திருக்குமே? படத்தில் அப்படியே உன் மாமியார் ஜாடை. கோபித்துக்கொள்ளாதே, மூக்கு மட்டும்தான்.

முழங்கால் தேறிவிட்டது, டாக்டர் நன்றாக நடக்கச் சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். அதே பக்கத்தில், எகிப்தா, பெட்ராவா, மாச்சு பிச்சுவா, அங்கோரா, எங்கே போகலாம் என்றும் கேட்டிருக்கிறாய். அவர் தெருமுனை வரை நடக்கச் சொல்லியிருப்பார், நீ அதை பெரு வரைக்கும் இழுத்துவிட்டாய். சரி, கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

மாச்சு பிச்சுவை முதலிலேயே அடித்துவிடு. அது இருப்பது சுமார் 2,430 மீட்டர் உயரத்தில். அதற்குப் போகும் வழியில் பெரும்பாலும் தங்கவேண்டிய குஸ்கோ நகரம் அதைவிட உயரம், 3,400 மீட்டர் வரும். அங்கே மூச்சு வாங்குவது ஆரோக்கியமானவர்களுக்கே சகஜம். உன் ரத்த அழுத்த மாத்திரையை நினைத்துக்கொள். ஜோர்டானில் இருக்கும் பெட்ராவில் பாறை இடுக்கு வழியாகவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்கவேண்டும். நடந்து முடித்தால் அந்த ரோஜா நிறக் கருவூல முகப்பு வரும். எல்லாரும் அதோடு நிற்பதில்லை, மேலே மடாலம் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு 800 படி. நீ கீழேயே உட்கார்ந்திருக்கிறேன் என்பாய். எனக்கு உன்னைத் தெரியும், உட்கார மாட்டாய். கீசாவின் பெரிய பிரமிடை வெளியே நின்று பார்க்கலாம், அதில் சிரமம் இல்லை. 146 மீட்டருக்குக் கட்டியது, உச்சி உதிர்ந்து இப்போது 138 மீட்டர் அளவுக்கு நிற்கிறது. ஆனால் உள்ளே போக ஆசைப்பட்டால் குறுகலான சரிவில் குனிந்துகொண்டே ஏறவேண்டும். நாலாயிரத்து ஐந்நூறு வருஷம் காத்திருந்த, அதைக் கட்டிய குஃபு ராஜா இன்னும் ஒரு வருஷம் காத்திருப்பார். உன் கால் நன்றாகத் தேறட்டும்.

மிச்சம் அங்கோர், கம்போடியாவில் கெமர் ராஜாக்களின் பழைய தலைநகர். ஜனவரியில் நானும் செல்வியும் போய்விட்டு வந்ததால் இது கொஞ்சம் ஒருதலைப்பட்சமான யோசனைதான். இருந்தாலும் கேள்.

முதல் நாள் எல்லாரையும்போல நாங்களும் ஏமாந்தோம். அங்கோர் வாட்டில் சூரிய உதயம் பார்க்கவேண்டும் என்று விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பி, டார்ச் வெளிச்சத்தில் அகழியைக் கடந்து, ஒரு குளக்கரையில் போய் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஐந்நூறு பேர் இருப்பார்கள். எல்லார் கையும் மேலே, ஒவ்வொரு கையிலும் ஒரு செல்போன். கோபுரங்களை நான் அந்தச் செல்போன் திரைகளில்தான் பார்த்தேன். கடைசியில் மேகம் மூடிக்கொண்டது. சூரியன் வந்ததா இல்லையா என்றே தெரியாமல் விடிந்துவிட்டது.

ஆனால் ஏழு மணிக்கு ஒரு காரியம் நடந்தது. அந்த ஐந்நூறு பேரும் காலைச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள்! செல்விக்கும் பசிதான், நான்தான் விடவில்லை. இரண்டு பிஸ்கட்டைக் கொடுத்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். மேகமும் கலைந்து வெயில் வந்தது. கிழக்குப் பிராகாரத்தில் சாய்வாக இளவெயில் விழுகிறது, ஆள் அரவமே இல்லை, சுவர் நீளத்துக்கும் திருப்பாற்கடலைக் கடைந்துகொண்டிருக்கிறார்கள்.

அந்த ஒரு சிற்பம் மட்டும் 49 மீட்டர் நீளம், விசாலம். நடுவில் திருமால், ஒரு பக்கம் அசுரர்கள், ஒரு பக்கம் தேவர்கள், வாசுகியைப் பிடித்து இழுக்கிறார்கள். அசுரர்கள் 92, தேவர்கள் 88 என்று கணக்கு. நானும் எண்ணிப் பார்த்தேன், எழுபதைத் தாண்டியதும் விட்டுப்போய்விட்டது. மேலே வரிசை வரிசையாக அப்சரஸ்கள் பறக்கிறார்கள். கீழே கடலில் மீன்களும் முதலைகளும் மலை சுழலும் வேகத்தில் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. அத்தனைக்கும் அடியில், மலையை முதுகில் தாங்கிக்கொண்டு ஆமை. நாம் சின்ன வயதில் கேட்ட கதையில் ஆமையைப் பற்றி ஒரு வரிதான் வரும். இங்கே அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தால் அதன் கழுத்து வலிக்குமே என்று தோன்றுகிறது.

இதைக் கட்டியவன் இரண்டாம் சூரியவர்மன், 12-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில். திருமாலுக்குக் கட்டியது, ஆனால் மேற்குப் பார்த்த கோயில். சிற்பங்களையும் அப்பிரதட்சிணமாகச் சுற்றினால்தான் வரிசையாகப் பார்க்க முடியும். ஈமச் சடங்கில்தான் அப்படிச் சுற்றுவார்கள் என்பதால், இது அரசன் தன் மறைவுக்குப் பிறகு இருக்கவேண்டி எழுப்பிய கோயில் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். குருட்சேத்திரத்தில் பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கிறார், இலங்கைப் போரில் குரங்குகள் ராட்சசர்களைக் கடித்துக் குதறுகின்றன. இவை மேற்குப் பக்கம் இருப்பதால் சாயங்காலம் பார்த்தால் நல்ல வெளிச்சம். உனக்கு நான் சொல்வது: இரண்டு வேளையாகப் பிரித்துப் பார், நடுவில் போய்த் தூங்கு.

அகழியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. 190 மீட்டர் அகலம், சுற்றி வந்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல். அழகுக்காகவோ, எதிரிக்குப் பயந்தோ வெட்டியது என்றுதான் நினைத்தேன், விஷயம் வேறு. கோயிலுக்கு அடியில் இருப்பது மணல் பாங்கான மண். மழைக்காலத்தில் நனைந்து, கோடையில் ஒட்டக் காய்ந்தால் நிலம் இறங்கிக் கல் நகர்ந்துவிடும். அகழியில் தண்ணீர் இருந்தால் நிலத்தடி நீர் மட்டம் பெரிதாக ஏறி இறங்காது, மணல் கெட்டியாக நிற்கும். அதாவது 65 மீட்டர் கோபுரம் அந்தத் தண்ணீரை நம்பி நிற்கிறது. கல்லெல்லாம் குலேன் மலையிலிருந்து வந்தது. சுவரில் பல கற்களில் விரல் நுழைகிற மாதிரி துளைகள் இருக்கின்றன, கல்லைத் தூக்கக் கட்டை செருகிய இடம். செல்வி கேட்காமல் விரலை விட்டுப் பார்த்தாள். காவலாளி பார்த்துவிட்டார். அப்புறம் அரைமணி நேரம் அவள் என்னைவிடப் பத்தடி தள்ளியே நடந்தாள், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று அவர் நினைத்துவிடக்கூடாதாம்.

இனி பாயோன் கோயில். உன்னைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று நான் நினைப்பது இங்கேதான். ஏழாம் ஜெயவர்மன் 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டத் தொடங்கியது. கோபுரத்துக்குக் கோபுரம் நாலு பக்கமும் பெரிய பெரிய முகம், கண்ணை மூடி லேசாகச் சிரிக்கிறது. படத்தில் எல்லாரும் காட்டுவது அந்த முகங்களைத்தான். நன்றாகத்தான் இருக்கின்றன, பத்து நிமிஷம் பார்க்கலாம். ஆனால் நான் இரண்டு மணி நேரம் நின்றது கீழே வெளிச்சுவரில். அங்கே சாதாரண ஜனங்கள் இருக்கிறார்கள். பெண்கள் தரையில் உட்கார்ந்து வியாபாரம் பண்ணுகிறார்கள். இரண்டு கும்பல் சேவல் சண்டைக்குப் பந்தயம் கட்டுகிறது. பன்றியைக் கொப்பரையில் இறக்குகிறார்கள். ஒருத்திக்குப் பிரசவ வலி. தெற்குச் சுவரில் பக்கத்து நாட்டுச் சாம்பர்களோடு கடற்போர் மாதிரி ஒரு ஏரிப்போர் நடக்கிறது, படகிலிருந்து விழுந்தவனை முதலை பிடிக்கிறது. 1296-இல் சீனத் தூதுக்குழுவோடு வந்து ஏறக்குறைய ஒரு வருஷம் தங்கிய சூ தாகுவான், இந்த ஊரில் வியாபாரம் செய்வது பெண்கள்தான் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். சுவரைப் பார்த்தால் அவர் பொய் சொல்லவில்லை.

அந்தச் சுவரில் படை ஒன்று போகிறது. யானை, கொடி, ஈட்டி, பின்னால் சாமான் சுமப்பவர்கள். அதில் ஒருவன் கையில் ஆமை. வழியில் சமைக்க எடுத்துப் போகிறான் போலிருக்கிறது. அந்த ஆமை தலையை நீட்டி, முன்னால் போகிறவன் பின்புறத்தைக் கடிக்கிறது! அவன் திரும்பிப் பார்க்கிறான். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ராஜா கட்டுகிற கோயிலில், ஒரு சிற்பி துணிந்து இதைச் செதுக்கியிருக்கிறான். மேஸ்திரி பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கவேண்டும். நான் சிரித்த சத்தத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பமே வந்து எட்டிப் பார்த்தது, அப்புறம் அவர்களும் சிரித்தார்கள். எனக்கு உடனே ஹாஸ்டல் மெஸ் வரிசை ஞாபகம் வந்தது. யாரை நினைத்தேன் என்று உனக்கே தெரியும்.

தா ப்ரோமில் மரம் ஏறிய சுவர்களைப் பார்க்க வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. ஜெயவர்மன் தன் தாயாருக்காக 1186-இல் எழுப்பியது. அங்கே கிடைத்த சமஸ்கிருதக் கல்வெட்டில் கோயிலுக்குள் 12,640 பேர் இருந்ததாகவும், நாட்டில் 102 மருத்துவச்சாலைகள் இருந்ததாகவும் வருகிறது. எனக்கு மரத்தைவிட அந்த 102-தான் பெரிதாகப் பட்டது. போகும் வழியில் கண்ணிவெடியில் கால் இழந்தவர்கள் சேர்ந்து வாத்தியம் வாசிக்கிறார்கள். ஒருவர் செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசித்தார். அங்கே உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டோம்.

பந்தே ஸ்ரேயைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். மற்ற கோயில்களிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, துக்துக்கில் ஒரு மணி நேரம் பிடித்தது. 967-இல் குடமுழுக்கு நடந்த சிவன் கோயில். கட்டியது ராஜா இல்லை, அரசவையில் இருந்த யக்ஞவராகர். செம்மணற்கல், நகைப்பெட்டி மாதிரி சின்னக் கோயில், வாசல்களும் உயரம் குறைவு. இங்கிருந்து 1923-இல் ஒரு பிரெஞ்சு இளைஞர் தேவதைச் சிற்பங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பிடிபட்டார். ஆந்த்ரே மால்ரோ. பிற்பாடு அவரே பிரான்ஸின் கலாசார அமைச்சர் ஆனார், என்ன சொல்ல!

கிழக்கு வாயிலின் முகப்பில் சிவன் ஆடுகிறார். வழிகாட்டி அதைக் காட்டிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். எனக்கு நகர முடியவில்லை. ஆடுகிற காலுக்குப் பக்கத்தில், கீழே மூலையில் ஒரு கிழவி. வற்றிய மார்பு, ஒட்டிய உடம்பு. அது காரைக்கால் அம்மையார், விசாலம். தன்னைக் 'காரைக்காற்பேய்' என்று தானே சொல்லிக்கொண்டவர், கடல் தாண்டி, கெமர் தேசத்தில் ஒரு கல்லில் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். இத்தனை தூரம் அவரை யார் கூட்டிக்கொண்டு வந்தார்கள்? வழிகாட்டியைத் திரும்பக் கூப்பிட்டு, இவர் யார் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் குறிப்பேட்டை எடுத்துப் பெயரை எழுதச் சொன்னார். தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். கீழே கெமர் எழுத்தில் அவர் உச்சரிப்பைக் குறித்துக்கொண்டார். அந்த எழுத்துக்கும் தாய் பல்லவ எழுத்துதான். அந்தப் பக்கத்தைப் படம் எடுக்காமல் வந்துவிட்டேன், இன்னும் அதை நினைத்து வருத்தமாக இருக்கிறது.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. நாங்கள் வாங்கியபோது இதுதான். மூன்று நாள் சீட்டைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். உன் காலுக்கு அதுதான் சரி, ஒரு நாள் கோயில், ஒரு நாள் ஓய்வு. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், உனக்குப் பிரச்சினை இல்லை. அங்கோர் வாட்டின் உச்சித் தளத்துக்குப் படி செங்குத்து. நான் பாதியில் கீழே பார்த்துவிட்டு மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். நீ ஏறவேண்டாம். டாலர் நோட்டு ஓரத்தில் துளி கிழிந்திருந்தாலும் வாங்கமாட்டார்கள், இளநீர்க்காரம்மா என் நோட்டை வெயிலில் பிடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மார்ச், ஏப்ரலில் வெயில் கொளுத்தும், நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விடவேண்டும். சாப்பாட்டுக்கு அமோக் கேள். மீனைத் தேங்காய்ப்பாலோடு வாழையிலைக் கிண்ணத்தில் ஆவியில் வேகவைத்துத் தருகிறார்கள். நான் மூன்று தடவை சாப்பிட்டேன்.

நாலு இடத்தையும் ஒரே வருஷத்தில் முடித்துவிடலாமா என்றும் ஓரத்தில் கிறுக்கியிருந்தாய், அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன். ஆறு நாள் இருந்தும் எனக்குப் பாயோனின் வடக்குச் சுவர் பாக்கி.

டிசம்பர் என்றால் நானும் வருகிறேன். செல்விக்கு லீவு கிடைக்காது, நாம் இரண்டு பேர்தான். டாக்டரிடம் விமானத்தில் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்று மறக்காமல் கேள். ஜன்னல் சீட் எனக்கு.

இரண்டு ஆமைகளின் படமும் இதோடு வைத்திருக்கிறேன். மலை தாங்குகிற ஆமையைப் பூஜை அறையில் வைத்துக்கொள். இன்னொன்றை உன் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் வை, ஜாடை கொஞ்சம் ஒத்துப்போகிறது. கடிக்கிற ஆமையைச் சொல்லவில்லை.

அன்புடன்,
கோமதி