செயலாளரின் ஆண்டறிக்கை: எஸ்பிளனேடுக்குள் நாம் நுழைந்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவருக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. வாசிப்பு வட்டமும் சிறுவர் பேச்சுப் பயிற்சியும் வழக்கம்போல நடந்தன. அவற்றை மாதக் கூட்டங்களிலேயே பேசிவிட்டோம். எனவே நவம்பரில் நாம் சிங்கப்பூரின் மரினா பே நீர்முனையில் உள்ள எஸ்பிளனேடு கலை அரங்குக்குப் போய்வந்ததைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன்.

மூத்தோர் குழுவில் ஓர் அம்மா ஒருநாள் கேட்டார்: "வெளியே நின்னு டுரியான் மாதிரி இருக்குன்னு போட்டோ எடுத்திருக்கோம். டிக்கெட் இல்லாம உள்ளே விடுவாங்களா?" 2002 அக்டோபரில் திறக்கப்பட்ட அரங்கம் அது. உள்ளே போனவர்கள் யார் என்று குழுவில் இருந்தோரைக் கைதூக்கச் சொன்னேன். பாதிப் பேருக்கு மேல் உள்ளே போனதே இல்லை. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. விடுவார்கள் அம்மா, தாராளமாக விடுவார்கள். முகப்புக் கூடத்திலும் நீர்முனையில் உள்ள திறந்தவெளி அரங்கிலும் ஆண்டு முழுவதும் இலவச நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

எஸ்பிளனேடின் இந்தியக் கலை விழாவான கலா உத்சவம் நடக்கும் நாளாகப் பார்த்து, 31 பேர் கிளம்பினோம். சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நிலத்தடி நடைபாதை வழியாகப் போனதால் மழை நம்மைத் தொடவில்லை. சக்கர நாற்காலியில் வந்த இருவருக்கு மின்தூக்கி எங்கே என்று நாங்கள் முன்கூட்டியே பார்த்து வைக்கவில்லை. அவர்களைக் காக்க வைத்தது செயற்குழுவின் தவறு. மன்னிக்கவும்.

கூரையை மூடியிருக்கும் 7,000க்கும் மேற்பட்ட அலுமினியத் தகடுகள் அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல. கண்ணாடிக் கூரையில் வெயில் நேராக விழாமல் அவை தடுக்கின்றன. பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

ஏறக்குறைய 1,600 பேர் அமரும் இசையரங்கில்தான் எல்லாரும் நெடுநேரம் நின்றுவிட்டோம். மேடைக்கு மேலே தொங்கும் விதானத்தை ஏற்றி இறக்கலாம். சுற்றுச் சுவருக்குப் பின்னால் வெற்று அறைகள் இருக்கின்றன. அவற்றின் கனத்த கதவுகளைத் திறந்தால் ஒலி உள்ளே போய்ச் சுழன்று, இசை கூடுதல் நேரம் நிற்கும். மைக் வைத்த நிகழ்ச்சி என்றால் திரைச்சீலைகளை இறக்கி எதிரொலியைக் குறைத்துவிடுவார்களாம். ஒலியியலை வடிவமைத்தவர் ரசல் ஜான்சன்.

இதைக் கேட்டதும் நம் மிருதங்க ஆசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம கூடத்துல வாயால சொல்ற தாளச் சொல்லுக்கட்டு ஏன் குழம்புதுன்னு இப்பத்தான் தெரியுது. நாலு பக்கமும் வெறும் சுவர்." அப்புறம் என்ன, அடுத்த செயற்குழுவிலேயே பின்சுவரில் கனமான திரை கட்ட முடிவெடுத்தோம். பொங்கல் நிகழ்ச்சியில் பாட்டின் சொற்கள் தெளிவாகக் கேட்டதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

அந்த மாலை கூரைத் தளத்தில் மரினா பேயைப் பார்த்தபடி பெரியவர் ஒருவர், 1995 வரை அந்தப் பக்கம் இருந்த, குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி விற்கும் சத்தே கடைகளைப் பற்றிச் சொன்னார். கீழே திறந்தவெளி அரங்கில் பாட்டுத் தொடங்கும்வரை அவரைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். டிக்கெட் பற்றிக் கேட்ட அந்த அம்மா முன்வரிசையில் அமர்ந்து கடைசிவரை கேட்டார். மறுவாரம் அக்கம்பக்கத்தார் மூவரைத் தாமே கூட்டிப்போனார்!

திரைக்கான செலவு தணிக்கையான கணக்கில் உள்ளது, பொருளாளர் வாசிப்பார். வரும் ஆண்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவச நிகழ்ச்சிக்குப் போகலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. அதே எஸ்பிளனேடில் 2022இல் திறக்கப்பட்ட 550 இருக்கை நீர்முனை அரங்கில் ஒரு நாடகமாவது டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. சேர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். சக்கர நாற்காலி தேவைப்பட்டால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்