ஆடிக் காற்றில் ராட்சத பலூன்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் போதும், கோவையில் பெரிய கடை வாசல், பொருட்காட்சித் திடல் என்று எங்கு பார்த்தாலும் காற்றடைத்த ராட்சத பலூன் பொம்மைகள்தான். 2019இல் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார், அதன்பிறகு பேனர் என்றாலே வியாபாரிகளுக்குக் கொஞ்சம் பயம்தான், அதனால் இந்தப் பக்கம் திரும்பியதில் ஆச்சரியமில்லை. எனக்கும் அதில் குறை ஒன்றுமில்லை. ஃபிளெக்ஸ் மாதிரி ஒரே விழாவோடு குப்பைக்குப் போகாது, காற்றை இறக்கி மடித்து வைத்தால் அடுத்த வருடமும் ஆகும், பிள்ளைகளே அப்பா அம்மா கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்து வந்துவிடுவார்கள்.

ஆனால் கட்டுகிற லட்சணம் இருக்கிறதே! ஒரு பொருட்காட்சி வாசலில் குக்கர் வடிவத்தில் பதினைந்தடி பலூன் ஒன்றைப் பார்த்தேன். நான்கு கயிறுகளில் ஒன்று வேலிக் கம்பியில், இரண்டு தண்ணீர் கேனில், நான்காவது யாரோ நிறுத்திவிட்டுப் போன ஸ்கூட்டரின் பின்கம்பியில். ஸ்கூட்டர்காரர் வண்டியை எடுக்க வந்தால்? பக்கத்தில் ஆளே இல்லை, பையன்கள் சாப்பிடப் போயிருப்பதாகக் காவலாளி சொன்னார். ப்ளோயருக்குப் போகும் வயர் வேறு ஜனங்கள் நடக்கிற வழியிலேயே கிடந்தது. இந்த வகை பலூனுக்குள் ப்ளோயர் ஓயாமல் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும், கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் துவண்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும். சாலையோரமாக இருந்தால் பைக்கில் வருகிறவர் முகத்திலேயே விழும்.

பதினைந்தடி உயரம், எட்டடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கி.மீ. காற்று அடித்தால் அதன் மேல் விழும் தள்ளுவிசை ஏறக்குறைய 80 கிலோ. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. இரண்டு தண்ணீர் கேன் சேர்த்தே 40 கிலோதான், அதுவும் தண்ணீர் நிரம்பியிருந்தால்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பது நமக்குத் தெரியாததா? பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. தள்ளுபடியும் அதே மாதத்தில்தான் வந்து தொலைக்கிறது.

2021 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பள்ளி விழா ஒன்றில் குழந்தைகள் குதித்து விளையாடும் காற்றடைத்த கோட்டையைக் காற்று தூக்கியதில் ஆறு குழந்தைகள் இறந்தார்கள். ஐரோப்பியத் தர விதிப்படி அப்படிப்பட்ட விளையாட்டுப் பலூன்களைக் காற்று மணிக்கு 38 கி.மீ.யைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது. விளம்பர பலூனில் யாரும் ஏறுவதில்லை, சரி, ஆனால் கீழே ஜனங்கள் நிற்கிறார்களே.

எனவே மாநகராட்சியும் காவல்துறையும் விழாவுக்கு அனுமதி கொடுக்கும்போதே, எதில் கட்டப் போகிறீர்கள், கூடவே நிற்கப் போவது யார் என்று இரண்டு கேள்வி கேட்கட்டும். தார்ச்சாலையில் முளை அடிக்க முடியாது, அங்கே கான்கிரீட் கட்டையோ போதுமான மணல் மூட்டையோ கட்டாயம் வேண்டும். வாடகைக்கு விடுகிறவர்கள் பலூனோடு அதையும் சேர்த்தே அனுப்ப வேண்டும், இருநூறு முந்நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் பரவாயில்லை.

அப்புறம், தங்கள் நாளிதழில் வெயில் அளவும் மழை அளவும் போடுகிறீர்கள். ஆடி, ஆவணியில் மட்டுமாவது கோவை, திருப்பூர் பதிப்புகளில் மறுநாள் காற்றின் வேகத்தையும் போட்டால், காலையில் பலூனை ஊதலாமா வேண்டாமா என்று கடைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோவை.