அடிமரத்தை எட்டடிக்குக் குறைத்து வெட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அதற்குப் பிறகும் மழைக்காற்றிலும் சாலைப் பணிகளிலும் மரங்கள் விழுந்தபடிதான் இருக்கின்றன. அவற்றில் பள்ளிக்குப் பெஞ்சும் பூங்காவுக்கு இருக்கையும் செய்ய முடியும். ஆனால் மரம் விழுந்த தெருவிலேயே, லாரியில் ஏற்றும் வசதிக்காக அடிமரத்தை இரண்டடி, மூன்றடியாகத் துண்டு போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அது வெறும் விறகு.

சுற்றளவு 4 அடிக்கு மேலுள்ள நேரான அடிமரத்தை 8 அடிக்குக் குறையாமல் வெட்ட வேண்டும் என்று மாநகராட்சி தன் பணி ஆணையிலேயே எழுதவேண்டும். 6 அடி சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள கட்டை, மரக்கடைக் கணக்கில் (சுற்றளவில் கால் பங்கின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்குவது) 22.5 கன அடி. அறுவைக் கழிவு போக ஏறத்தாழ 11 கன அடி பலகை தேறும். 5 அடி நீளம், 5 அங்குல அகலம், ஒன்றரை அங்குல கனத்தில் ஐந்து பலகை போட்ட இருக்கைக்கு 1.3 கன அடி போதும். இழைப்பில் போவதையும் கழித்தால் ஏழு இருக்கை.

வெட்டிய அன்றே இரு முனைகளிலும் கெட்டியாக பெயின்ட் பூசவேண்டும்; இல்லையென்றால் முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறி மரம் வெடிக்கும். சில வாரங்களுக்குள் அறுத்துவிடவேண்டும். சாலையோர மரத்தில் விளம்பரத் தட்டிக்கு அடித்த ஆணிகள் மரத்துக்குள் புதைந்து கிடக்கும். மெட்டல் டிடெக்டர் வைத்துப் பார்க்காமல் அனுப்பினால் அறுவை மில்லின் பேண்ட்சா (பட்டை ரம்பம்) பிளேடு அறுந்துபோகும். மில்காரர்கள் தெருமரத்தை வாங்கத் தயங்குவது இதனால்தான்.

அறுத்த பலகையைக் கூரைக்கடியில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், இரண்டடிக்கு ஒன்றாக ஓரங்குல ரீப்பர் வைத்து அடுக்குங்கள். ரீப்பர்கள் ஒன்றுக்கு நேர்மேலே ஒன்றாக இருக்கவேண்டும். விலகினால் பலகை வளையும். ஒன்றரை அங்குலப் பலகை காய ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும். ஈரமானி 15 சதவீதத்துக்குக் கீழே காட்டும்வரை தச்சரிடம் கொடுக்கக் கூடாது. திட்டங்கள் கெடுவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான்.

தூங்குமூஞ்சி மரத்தின் வைரம், அதாவது நடுவிலுள்ள கருத்த கட்டை, நன்றாக உழைக்கும். அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியில் வண்டு துளைத்து மாவு கொட்டும் என்பதால் அந்த வெள்ளையைக் கழித்துவிடுவது நல்லது. வகுப்பறை அலமாரிக்கு வேம்பும் பூவரசும் ஏற்றவை. வெள்ளையைப் பயன்படுத்தியே ஆகவேண்டுமென்றால், 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ வெண்காரமும் 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்து, ஈரம் காயாத பச்சைப் பலகையை அதில் ஊறவைக்கலாம். மழை பட்டால் மருந்து கரைந்துவிடும் என்பதால் இது உள்ளறைக்கு மட்டும். குல்மொகர் இருக்கைக்கு உதவாது. சிம்பாக நொறுக்கி பூங்காச் செடிகளுக்கு மூடாக்குப் போடலாம், தண்டைத் தொடாமல்.

வெளியில் வைக்கும் இருக்கையின் கால் மண்ணைத் தொட்டால் கரையான் ஏறும். ஆறங்குல சிமென்ட் மேடை தேவை. பலகைகளுக்கிடையே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் மழைநீர் தேங்காது. கடற்காற்றில் சாதாரண போல்ட் துருப்பிடிக்கும், எவர்சில்வர் போல்ட்டே போடவேண்டும். பழைய என்ஜின் ஆயில் பூசும் பழக்கம் குழந்தைகள் உட்காரும் இடத்தில் கூடவே கூடாது; ஆண்டுக்கொருமுறை ஆளிவிதை எண்ணெய் போதும். குழந்தைகள் ஏறி விளையாடும் உருளைக்கட்டைகளுக்குப் பட்டையை முழுதாக உரித்துவிடுங்கள். பட்டைக்கடியில் பூரான் தங்கும்.

இவற்றுக்கெல்லாம் ஒவ்வொரு மண்டலத்திலும் கூரை போட்ட ஓர் இடம் வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே மாநகராட்சி அதை ஒதுக்கித் தரவேண்டும்.

மரவேலை அறிந்த வாசகர்கள்,
சென்னை