விறைப்பு எவ்வளவு என்று கேள்

அன்புள்ள பரிமளா,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று படித்தபோது, உன் மகள் அந்த வயதில் நம் ஆசிரியர் அறை மேசைக்கடியில் புகுந்து சாக்பீஸ் டப்பாவைக் கவிழ்த்தது நினைவுக்கு வந்தது. எனக்கு இடது கண்ணில் புரை எடுத்து ஆறு வாரம் ஆகிறது. நன்றாகத் தெரிகிறது. வலது கண்ணுக்கு இன்னும் இரண்டு மாதம் போகட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மற்ற செய்திகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். கடைசிப் பத்தியில் போகிற போக்கில் நீ எழுதியிருந்த விஷயத்தைத்தான் நான் நாலு முறை படித்தேன். வயிற்று ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று வந்திருக்கிறது. கொழுந்தனார், ‘இது இப்போ எல்லாருக்கும் இருக்கு, விடுங்க’ என்கிறார். மகளோ, ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கச் சொல்வார்களோ என்று பயப்படுகிறாள். கொழுந்தனார் சொல்வதில் பாதி உண்மை. உலகில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு இருக்கிறது. ஆனால் ‘விடுங்க’ என்ற அந்த வார்த்தை எனக்கு ஆகாது. ஏன் என்று உனக்குத் தெரியும், முழுதாக நான் சொன்னதில்லை.

என் பெரிய அண்ணன் ஒல்லியான ஆள், சர்க்கரை மட்டும் இருந்தது. வருடா வருடம் ஸ்கேன் எடுப்பார். முதல் வருடம் கிரேடு 2, அடுத்த வருடமும் அதுவே. மூன்றாவது வருடம் கிரேடு 1 என்று வந்தது. குறைந்துவிட்டதே என்று அண்ணி அந்தத் தாளை எல்லோருக்கும் காட்டினார். நானும் சந்தோஷப்பட்டேன். எட்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் ரத்த வாந்தி. மருத்துவமனையில் பார்த்தபோது ஈரல் முழுக்கத் தழும்பேறி சிர்ரோசிஸ் ஆகியிருந்தது. ஈரலுக்குள் ரத்தம் நுழைய வழியில்லாமல் உணவுக்குழாயின் ரத்த நாளங்கள் புடைத்து வெடித்திருந்தன. தழும்பு முற்ற முற்ற ஈரலில் இருக்கும் கொழுப்பு தானாகவே குறைந்து போவது உண்டு என்பதை அன்று ஒரு மருத்துவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். நாங்கள் நல்ல சேதி என்று நினைத்த தாள் அதைத்தான் சொல்லியிருக்கிறது, பரிமளா. அதற்கப்புறம் அண்ணன் பதினான்கு மாதம் இருந்தார்.

அதனால்தான் சொல்கிறேன், கொழுப்பு எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. ஈரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஈரல் நோயால் யாருக்கு ஆபத்து வரும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தழும்புதான். உன் கையில் இருக்கிற ஸ்கேன் அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை.

அந்த ஸ்கேன் எப்படிப் பார்க்கிறது தெரியுமா? எனக்கும் இதே ஸ்கேன் எடுத்தார்கள். நான் படுத்திருந்தபோது திரையை என் பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்டேன், அந்தப் பெண் மறுக்காமல் திருப்பினாள். ஈரலும் வலது சிறுநீரகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. சாதாரணமாக இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். கொழுப்புத் துளிகள் ஒலியைச் சிதறடிப்பதால் ஈரல் வெளுத்துத் தெரியும். என் ஈரல் சிறுநீரகத்தை ஒட்டி விடிந்த வானம் மாதிரி பளிச்சென்று இருந்தது. இன்னும் கூடினால் உள்ளே ஓடும் ரத்தக்குழாய்களின் ஓரம் மங்கும், அதற்கும் மேலே போனால் பின்னால் இருக்கும் உதரவிதானமே மறைந்துவிடும். இதைத்தான் 1, 2, 3 என்று கிரேடு போடுகிறார்கள். எல்லாம் பார்ப்பவரின் கண் கணக்கு. ஒருவர் 1 என்றதை இன்னொருவர் 2 என்பார். கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் பல நேரம் கண்ணில் படாது. தழும்போ, ஈரலின் மேற்பரப்பே கரடுமுரடாகும் வரை இந்தத் திரையில் சரியாகத் தெரிவதில்லை.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். பயாப்ஸியில் எடுக்கும் சதை, மொத்த ஈரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். தழும்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. ஊசி போன இடம் நன்றாக இருந்து பக்கத்து இடம் கெட்டிருக்கலாம். வலியும் உண்டு, அபூர்வமாக ரத்தக்கசிவும் உண்டு. வேறு ஈரல் நோய் சந்தேகம் இருந்தாலோ, மற்றப் பரிசோதனைகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தாலோ அது இன்றும் தேவைதான். கிரேடு 1 என்று ஒரு தாள் வந்ததற்காக யாரும் ஊசியைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். மகளிடம் சொல்.

எனக்குச் செய்தது ஃபைப்ரோஸ்கேன், ஊசி இல்லாமல் ஈரலின் விறைப்பை அளக்கும் சோதனை. இதைப் பற்றி உனக்கு எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது, முப்பது வருடம் அலை இயக்கம் பாடம் எடுத்தவள் ஆயிற்றே. பிரான்சில் உருவானது, 2003இல் புழக்கத்துக்கு வந்தது. மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். விலா எலும்புகளுக்கு இடையில் குளிர்ந்த ஜெல் தடவி, தடித்த பேனா போன்ற ஒரு முனையை நேராக வைக்கிறார்கள். ‘டக்’ என்று ஒரு சுண்டு. விரலால் சுண்டினால் எப்படி இருக்குமோ அவ்வளவுதான், வலியே இல்லை. அந்தச் சுண்டு ஈரலுக்குள் ஒரு மெதுவான அலையாக ஓடுகிறது. அதே முனையிலிருந்து போகும் அல்ட்ராசவுண்ட் அந்த அலை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று துரத்திப் பார்க்கிறது. மெத்தென்ற பொருளில் அலை மெதுவாகப் போகும், விறைத்த பொருளில் வேகமாகப் போகும். முன்பு மருத்துவர்கள் விலாவுக்குக் கீழே விரலை அழுத்தி ‘ஈரல் கெட்டியாக இருக்கிறது’ என்று சொன்னார்களே, அதே வித்தைதான், இப்போது எண்ணோடு வருகிறது.

அந்த எண்ணின் அழகைப் பார். வேகத்தை வர்க்கப்படுத்தி மூன்றால் பெருக்கினால் விறைப்பின் அளவு கிலோபாஸ்கலில் வந்துவிடும். நொடிக்கு 1 மீட்டர் என்றால் 3, 2 மீட்டர் என்றால் 12. நடந்து போகிற வேகத்தில் ஓடும் ஓர் அலை, ஒருவர் ஈரலின் கதையைச் சொல்லிவிடுகிறது! 8க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 12க்கு மேலே போனால் ஈரல் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் இருந்தால் இன்னொரு சோதனை. பத்துத் தடவை சுண்டி, நடு அளவை எடுத்துக்கொள்வார்கள். கூடவே ஒலி எவ்வளவு தேய்கிறது என்பதை வைத்துக் கொழுப்புக்கும் ஓர் எண் வரும், சி.ஏ.பி. என்று போட்டிருக்கும், 100இலிருந்து 400 வரை. எனக்கு 301 வந்தது. 275க்கு மேலே போனாலே கொழுப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதல் தடவை நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், உனக்கு அது நடக்கக் கூடாது. ஒரு பரிசோதனை நிலையத்தில் நேரம் கொடுத்தார்கள். சாப்பிடலாமா கூடாதா என்று யாரும் சொல்லவில்லை. நான் வயிறு நிறையச் சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் போய்ப் படுத்தேன். விறைப்பு 9.8 என்று வந்தது. தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் முகம்தான் கண்ணுக்கு முன்னால். பத்து நாள் தூக்கமில்லை. மருத்துவர் தாளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, ‘சாப்பிட்டுவிட்டா போனீர்கள்?’ சாப்பிட்டதும் குடலிலிருந்து ஈரலுக்குப் பாயும் ரத்தம் கூடுகிறது, ஈரல் விம்முகிறது, எண் ஏறிவிடுகிறது. குறைந்தது மூன்று மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். மறுபடி வெறும் வயிற்றில் எடுத்தபோது 6.1. இதயம் பலவீனமாகி ரத்தம் தேங்கினாலும், ஈரலில் திடீர் அழற்சி வந்தாலும், பித்தக்குழாய் அடைத்தாலும்கூட இந்த எண் தவறாக ஏறும். அதனால் தாளில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துக் கலங்காதே, ஆளையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவர் வேண்டும். உடம்பு கொஞ்சம் பருமன் என்றால் அதற்கென்று தனி முனை இருக்கிறது, அதைப் போடச் சொல்லிக் கேள்.

எம்.ஆர்.ஐ. எனக்கு எடுக்கவில்லை, தேவையும் வரவில்லை. ஆனால் கொழுப்பை அளப்பதில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனும் கொழுப்பில் இருக்கும் ஹைட்ரஜனும் காந்தப் புலத்தில் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள கருவியில் நொடிக்குச் சுமார் 220 சுற்று வித்தியாசம். அதனால் ஒரு கணம் இரண்டும் சேர்ந்து ஒலிக்கின்றன, 2.3 மில்லிநொடி தள்ளி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இந்த இரண்டு படத்தையும் கூட்டிக் கழித்தால் தண்ணீர் தனி, கொழுப்பு தனி. டிக்சன் என்பவர் 1984இல் காட்டிய வழி. ஒரு மூச்சு அடக்கும் நேரத்தில் முழு ஈரலுக்கும் ‘இத்தனை சதவீதம் கொழுப்பு’ என்று சொல்லிவிடும், 5 சதவீதத்தைத் தாண்டினால் கணக்கில் எடுப்பார்கள். விறைப்பை அளக்கும் எம்.ஆர்.ஐ. முறையும் உண்டு. செலவு அதிகம், எல்லா இடத்திலும் கிடைக்காது. புது மருந்துகளைச் சோதிக்கும்போதும், ஃபைப்ரோஸ்கேனில் தெளிவு கிடைக்காதபோதும் அது கைகொடுக்கும்.

சரி, உன் கணக்குக்கு வருவோம். ரத்தப் பரிசோதனைத் தாளையும் நீ அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. ஸ்கேனுக்கு யார் போக வேண்டும் என்று வடிகட்ட ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. வயதை எஸ்.ஜி.ஓ.டி. என்ற ஈரல் நொதியின் அளவால் பெருக்கு: 61 × 38. அதைப் பிளேட்லெட் எண்ணிக்கையால், ஆயிரக் கணக்கில் 210, வகுக்க வேண்டும். இன்னொரு ஈரல் நொதியான எஸ்.ஜி.பி.டி. 45, அதன் வர்க்கமூலம் 6.7, அதாலும் வகுக்க வேண்டும். உனக்கு 1.65 வருகிறது. 1.3க்குக் கீழே வந்திருந்தால் இப்போதைக்கு நிம்மதியாக இரு என்று நானே எழுதியிருப்பேன். 2.67க்கு மேலே என்றால் நேரே நிபுணரிடம் போ என்றிருப்பேன். நீ இடையில் இருக்கிறாய், அதனால் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கத்தான் வேண்டும். இது பயப்பட வேண்டிய எண் இல்லை, தள்ளிப்போட வேண்டிய எண்ணும் இல்லை. உனக்குச் சர்க்கரையும் இருப்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

முடிவு எப்படி வந்தாலும் செய்ய வழி இருக்கிறது. எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கொழுப்பு இறங்குகிறது, 7 சதவீதத்தில் அழற்சி அடங்கத் தொடங்குகிறது, 10 சதவீதம் குறைத்தவர்களில் பலருக்குத் தழும்பே பின்வாங்கியிருக்கிறது. இந்த நோய்க்கென்றே முதல் மருந்துக்கு அமெரிக்காவில் 2024இல் அனுமதி கிடைத்தது. நான் மருந்து எதுவும் எடுக்கவில்லை. பத்து மாதத்தில் 74 கிலோவிலிருந்து 68க்கு வந்தேன், நடைதான் பெரும்பங்கு. போன மாதம் எடுத்ததில் சி.ஏ.பி. 301 இருந்த இடத்தில் 252. விறைப்பு 5.4. அந்தத் தாளை அண்ணியிடம் காட்டினேன். அவர் கிரேடு எங்கே என்று தேடினார், அப்புறம் 5.4ஐ விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் காலை நேரமாகப் பார்த்து வாங்கு, முதல் ஆளாகப் போய்விடலாம். சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்பதால் சர்க்கரை மாத்திரையை எப்போது போடுவது என்று மட்டும் உன் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள். தாளில் மூன்று எண் இருக்கிறதா என்று அங்கேயே பார்க்க வேண்டும்: கிலோபாஸ்கல், சி.ஏ.பி., பத்து அளவுகளும் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்கிற சதவீதம். அந்தக் கடைசி எண் 30க்கு மேலே இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லி நான் கேட்கிறேன். தேதி தெரிந்ததும் ஒரு வரி போடு, முதல் நாள் இரவே வந்துவிடுகிறேன். பேத்தியையும் பார்த்த மாதிரி இருக்கும்.

அன்புடன்,
வசந்தி