லட்சம் பேரில் உன் குரல்

கும்பகோணம்
4-1-2026

அன்புள்ள கயல்,

புத்தாண்டு அன்று காலையில் நீ போனில் போட்ட கூச்சலில் அம்மா பயந்தே போய்விட்டாள். கடைசியில் பார்த்தால், அமெரிக்கன் ஃபுட்பாலில் டெக்சாஸ் காலேஜ் டீமுக்குப் பந்து எறிகிற ஆர்ச் மேனிங் பந்தை இடுக்கிக்கொண்டு 60 கெஜம் ஓடியிருக்கிறான், டெக்சாஸ் மிச்சிகனை 41-27 என்று ஜெயித்திருக்கிறது. "நம்ம ஆர்ச்சுப்பா" என்றாய். எப்போதிலிருந்து நம்ம ஆர்ச் என்று கேட்க வாய் வந்தது. போனில் கேட்டால் சண்டையாகிவிடும் என்று எழுதுகிறேன்.

செப்டம்பர் 13. ஆரஞ்சு சட்டை வாங்கிக் கொடுத்து என்னை ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனாயே, அன்றைக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். அவ்வளவு ஜனத்தை நான் மகாமகத்தில்தான் பார்த்திருக்கிறேன். எதிர் டீம் எல் பாஸோவிலிருந்து வந்தது, உங்களுக்கு ஈடே இல்லை என்றாய். ஆனால் ஆர்ச் எறிந்த பந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து, யார் கையிலும் சேரவில்லை. சொந்த ஜனமே அவனைப் பார்த்து ஊளையிட்டது. நீயும் இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டாய். நான் பாப்கார்ன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் அன்று ஜெயித்தது நீங்கள்தான், 27-10.

திரும்பி வரும்போது காரில் நியாயம் சொன்னாய். 2021 முதல் காலேஜ் ஆட்டக்காரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், இவனும் கை நிறைய வாங்குகிறான், வாங்கினால் கேள்வி கேட்போம் என்று. சரி, கேளுங்கள். நானும் சம்பளத்துக்குத்தான் பஸ் ஓட்டினேன். டிக்கெட் எடுத்தவர் ஏன் லேட் என்று கேட்டால் அது அவர் பாத்தியதை.

ஆனால் ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே உங்களை நாட்டிலேயே முதல் டீம் என்று பட்டியலில் ஏற்றினார்கள். நீங்களும் சந்தோஷமாக ஏறி உட்கார்ந்தீர்கள். அந்தப் பையன் அதுவரை முதல் ஆளாக இறங்கியது இரண்டே ஆட்டம், அதுவும் 2024-ல், அவன் இடத்தில் ஆடிய க்வின் யூவர்ஸுக்கு அடிபட்டதால். முன்னால் நின்று அவனைக் காக்கிற ஐந்து பேரில் நான்கு பேர் புதுசு. இதெல்லாம் நீயே எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். பந்து கைக்கு வந்தால் மூன்று வினாடி. அதற்குள் எதிரே யார் வருகிறான், நம் ஆள் எங்கே ஓடுகிறான், எறிவதா ஓடுவதா என்று பார்த்து முடித்துவிட வேண்டும்.

எனக்கு ஆட்டம் முழுசாகப் புரியவில்லை. அவன் கால் மட்டும் புரிந்தது. எறிகிற கையில் ஒரு கோளாறும் இல்லை. கால் தரையில் நிலைகொள்ளவில்லை. அடுத்த அடி விழப்போகிறது என்று பயந்தவன் கால் அது.

1989-ல் நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம், மன்னார்குடி வண்டி. நீடாமங்கலம் கேட் திறந்ததும் எடுக்கிறேன், வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் ஹாரன். உள்ளே அறுபது பேர். ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "மாட்டு வண்டி ஓட்டினவன் மகன்கிட்ட பஸ்ஸக் குடுத்தா இப்படித்தான்." எல்லாரும் சிரித்தார்கள். கிளட்ச்சில் இருந்த என் கால் வெடவெடவென்று ஆட, மறுபடி ஆஃப். அப்புறம் இன்னொரு தடவை. வண்டி ஓட்டத் தெரியாமல் இல்லை, கயல்.

எனக்கு அப்பா பேர் சிறுசு என்று ஏச்சு, அவனுக்குத் தாத்தா பேர் பெருசு என்று ஏச்சு. அந்தத் தாத்தா ஆர்ச்சியும் இதே ஆட்டத்தில் அவமானப்பட்ட கதையை உன் ரூம்மேட்தான் சொன்னாள். 1980-ல் நியூ ஆர்லியன்ஸ் டீம் 16 ஆட்டத்தில் 15 தோற்றதாம். அவர்தான் குவார்ட்டர்பேக், பேரனைப் போலப் பந்து எறிகிற ஆள். ஊர்க்காரர்கள் வெட்கப்பட்டு தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்களாம். சித்தப்பா பெய்டன் 1998-ல், தொழில்முறையில் முதல் வருஷம், 28 பந்தை எதிராளி கையில் கொடுத்தவர். புதுசாக வந்த யாரும் இன்றுவரை அதைத் தாண்டவில்லை என்கிறார்கள். அவன் அப்பா கூப்பர்தான் பாவம். முதுகுத்தண்டுக் கோளாறு என்று டாக்டர் சொல்லி, பதினெட்டு வயதிலேயே ஆட்டத்தை விட்டவர். மைதானத்தில் மகன் ஏச்சு வாங்கும்போது அந்த மனுஷன் எங்கே உட்கார்ந்திருந்தாரோ என்று அன்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

வரும் செப்டம்பரில் ஒஹாயோ ஸ்டேட் ஆஸ்டினுக்கு வருகிறது என்றாய். போன ஆகஸ்டில் அவர்கள் ஊரில் 14-7 தோற்றதற்குக் கணக்குத் தீர்க்க வேண்டும், டிக்கெட் போடட்டுமா என்று கேட்டாய். போடு. அம்மாவும் வருகிறாளாம், அவளுக்கும் ஒரு ஆரஞ்சு சட்டை வாங்கு, பெரிய சைஸாக. எனக்கு உன் பக்கத்து சீட்டே வேண்டும். அவன் முதல் பந்தைத் தவறவிட்டால் நான் திரும்பி உன்னைத்தான் பார்ப்பேன்.

காப்பித்தூள் தீர்ந்துவிட்டதா என்று எழுது. பொங்கல் கழித்து இங்கிருந்து ஒருவர் ஹூஸ்டன் போகிறார், கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா